நோர்ட்லிங்கன் புனித கேயோர்க் தேவாலயம்: விண்கல் கதையைத் தாண்டி அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசலாமா?

கற்றளி (இழையைத் தொடங்கியவர்)

பவேரியாவின் மேற்கு ஓரத்தில் சுமார் 20,000 பேர் வாழும் நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: அந்த ஊர் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் இருக்கிறது, அதன் தேவாலயம் அந்த மோதலில் உருவான கல்லால் கட்டப்பட்டது, அந்தக் கல்லில் வைரத்துகள்கள் உள்ளன. இவை யாவும் உண்மையே. ஆனால் 1427இல் அடித்தளம் இடப்பட்டு 1505இல் கவிகை (வளைந்த கற்கூரை) மூடப்படும் வரை ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் உழைத்து எழுப்பிய ஒரு கோதிக் (இடைக்கால ஐரோப்பியப் பாணி) கட்டடத்தை, அதன் கல்லுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் துகள்களுக்காகவே நினைவில் வைத்திருப்பது அந்தக் கொத்தர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

நான் விவாதிக்க விரும்புபவை மூன்று. இவ்வளவு சிறிய ஊரால் இவ்வளவு பெரிய தேவாலயத்தைக் கட்ட எப்படி முடிந்தது? உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குக் கிடைக்கும் அந்த விரிவு எந்தக் கட்டட உத்தியால் வருகிறது? கல்லின் தன்மை கட்டடத்தின் வாழ்வை எந்த அளவுக்குத் தீர்மானித்திருக்கிறது? அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

வணிகவழி

முதற்கேள்விக்கு விடை சந்தையில் இருக்கிறது, ஐயா. நோர்ட்லிங்கன் 1215 முதல் பேரரசரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட நகரமாக இருந்தது. அதாவது இடையில் எந்தப் பிரபுவுக்கும் அது கட்டுப்பட்டதில்லை. பெந்தெகோஸ்தே திருநாளை ஒட்டி அங்கு கூடிய பெருஞ்சந்தையைப் பற்றிய முதல் எழுத்துச்சான்று 1219ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூரெம்பெர்க், ஆக்ஸ்பர்க், உல்ம் ஆகிய ஊர்களின் வணிகர்கள் அங்கு கூடினார்கள். துணியும் தோலும் உலோகப் பொருள்களும் கைமாறின. நெசவாளர்களும் தோல் பதனிடுவோரும் நகருக்குள்ளேயே செழித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் ஓர் ஆயரோ அரசரோ அல்லர் என்பதுதான். இது பேராலயமே அன்று. ஒரு பங்குக் கோயில் மட்டுமே. நகரமன்றமே கொத்தனாரை அமர்த்தியது, கணக்கைப் பார்த்தது, வேலை பிடிக்காவிட்டால் ஆளை மாற்றியது. திட்டத்தை வகுத்ததில் உல்ம் நகரின் ஹான்ஸ் குன், ஹான்ஸ் ஃபெல்பர் ஆகியோரின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. தொடக்கத்தில் வேலையை நடத்திய கோன்ராட் ஹைன்ஸெல்மன் பின்னர் நூரெம்பெர்க் சென்று அங்குள்ள புனித லோரென்ஸ் தேவாலயத்தின் பீடப்பகுதியைக் கட்டினார். அவருக்குப் பின் நிக்கோலாஸ் எஸ்லர், பிறகு அவருடைய மகன், இறுதியில் ஸ்டெஃபான் வைரர் என்று தலைமை மாறிக்கொண்டே வந்தது. இவர்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்த வல்லுநர்கள். ஆகவே சிற்றூர்த் தேவாலயம் என்பதனால் அது நாட்டுப்புற வேலைப்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம். அக்காலத் தென்ஜெர்மனியின் முதல்தரக் கைகள் அங்கு உழைத்திருக்கின்றன.

வரைபலகை

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பிரெஞ்சு நாட்டுப் பேராலயங்களில் நடுக்கூடம் மிக உயரமாகவும் இருபுறப் பக்கக்கூடங்கள் தாழ்ந்தும் இருக்கும். நடுக்கூடத்தின் மேற்சுவரில் தனிச் சன்னல் வரிசை வைத்து அங்கிருந்து ஒளியை இறக்குவார்கள். அந்த உயர்ந்த சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலே காற்றில் தாவும் முட்டு வளைவுகள் தேவைப்படும். நோர்ட்லிங்கனில் இவை எதுவும் இல்லை. மூன்று கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் எழுகின்றன. மூன்றையும் ஒரே செங்குத்தான பெருங்கூரை மூடுகிறது. இவ்வகையைக் கூடத் தேவாலயம் என்பார்கள்.

இந்த அமைப்பில் நடுக்கூடத்தின் கவிகை பக்கவாட்டில் தள்ளும் விசையைப் பக்கக்கூடங்களின் கவிகைகள் எதிர்த்தள்ளலால் பெருமளவு சமன் செய்துவிடுகின்றன. எஞ்சும் விசையை வெளிச்சுவரும் அதை ஒட்டிய முட்டுச்சுவர்களும் ஏற்கின்றன. அதனால் உள்ளே நிற்கும் தூண்கள் பெரும்பாலும் நேர்கீழான சுமையைத் தாங்கினால் போதும். அவை மெலிந்து உருளையாக நிற்க முடிகிறது. தூண்கள் மெலிந்தால் அவற்றுக்கு இடையே பார்வை தடையின்றி ஓடும். பக்கச்சுவர்களின் உயரமான சன்னல்களிலிருந்து வரும் ஒளி குறுக்காகப் பாய்ந்து கட்டடத்தின் நடுவரைக்கும் சேரும். கற்றளி ஐயா சொன்ன விரிவு இங்கிருந்துதான் வருகிறது.

கூரையை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். 1495 முதல் 1505 வரை வைரர் அமைத்த அந்தக் கவிகையில் விலா வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைப்பின்னலாகக் கூடத்தின் முழு நீளத்துக்கும் படர்கின்றன. முற்காலக் கோதிக் கவிகையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கண் தூணுக்குத் தூண் நின்று நின்றுதான் போகும். வலைப்பின்னலில் அந்த எல்லைகள் கரைந்துவிடுவதால், மேற்கு வாயிலில் நிற்பவரின் பார்வை ஒரே வீச்சில் பீடம் வரை செல்கிறது. தூணிலிருந்து விலாக்கள் கிளம்பும் இடத்தில் போதிகை (தூணின் தலைப்பகுதி) போன்ற எதுவும் கண்ணை நிறுத்துவதில்லை. உருளைத் தூணின் உடம்பிலிருந்தே அவை நேராக முளைத்தெழுகின்றன. எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அருகிலுள்ள டிங்கெல்ஸ்பூல் ஊரின் புனித கேயோர்க் தேவாலயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே எஸ்லர் குடும்பத்தார் 1448 முதல் 1499 வரை கட்டியது அது. இரண்டும் கூடத் தேவாலயங்களே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு, ஒரே பட்டறையின் சிந்தனை இரண்டு ஊர்களின் பணப்பைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப எப்படி வளைந்தது என்பது விளங்கும்.

புவியடுக்கு

கட்டடத்தை முதலில் பாருங்கள் என்ற வாதத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கல்லைச் சுற்றுலாச் செய்தியாக ஒதுக்கிவிட்டால் அந்தக் கட்டடத்தின் பாதி வரலாறு போய்விடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட விண்பொருள் ஒன்று மோதியதில் ரீஸ் என்று அழைக்கப்படும் பள்ளம் உண்டானது. அதன் விட்டம் சுமார் 24 கிலோமீட்டர். ஆழத்தில் இருந்த கிரானைட்டும் நைஸ் பாறையும் ஒரு பகுதி உருகி, ஒரு பகுதி நொறுங்கி, மேலே எறியப்பட்டுச் சூடாகவே திரும்ப வந்து படிந்தன. அந்தப் படிவுதான் சுவைட் என்ற பாறை. கையில் எடுத்துப் பார்த்தால் பசுமை கலந்த சாம்பல் நிறத்தில், சிறியதும் பெரியதுமான துண்டுகள் பதிந்த காங்கிரீட் போலத் தோன்றும். இடையிடையே கரும் நிறத்தில் தட்டையாக முறுக்குண்ட கண்ணாடித் துண்டுகள் தெரியும். அவ்வூர் மக்கள் அவற்றை ஃப்ளேட்லே என்பார்கள். சூப்பில் போடும் தோசைக் கீற்றின் பெயர் அது.

தேவாலயத்துக்கான கல் பெரும்பாலும் ஊருக்குத் தென்மேற்கே உள்ள ஆல்டெபூர்க் கல்குவாரியிலிருந்து வந்தது. கொத்தர்களுக்கு அதன் பிறப்பைப் பற்றி எந்த எண்ணமும் இருந்திருக்க இயலாது. 20ஆம் நூற்றாண்டிலும்கூட அது எரிமலைக் கல் என்றே பெரும்பாலான அறிஞர்கள் நம்பினார்கள். 1904இல் எர்ன்ஸ்ட் வெர்னரும் 1936இல் ஓட்டோ ஷ்டுட்ஸரும் விண்கல் மோதல் என்ற கருத்தை முன்வைத்தபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1960இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜீன் ஷூமேக்கர் அங்கு வந்து எடுத்த மாதிரியில், எட்வர்ட் சாவோ கோசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். சாதாரணக் குவார்ட்ஸ் கோசைட்டாக மாற வளிமண்டல அழுத்தத்தைப் போல 20,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். எரிமலை வெடிப்பால் அதைத் தர முடியாது. வழக்கு அத்துடன் முடிந்தது. ஷூமேக்கர் தேவாலயச் சுவரைச் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று பல தளங்களில் எழுதப்படுகிறது. நிரூபணமாக அமைந்த மாதிரி பள்ளத்தின் கிழக்கே உள்ள ஓட்டிங் கல்குவாரியிலிருந்து எடுக்கப்பட்டது.

1970 ஆகஸ்டில் அப்போலோ 14 நிலவுப் பயணத்துக்குத் தெரிவான ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இதே நிலத்தில் பாறை அறியும் பயிற்சி பெற்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கற்றளி

மிக்க நன்றி. ஆயினும் ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். நோர்ட்லிங்கன் மன்றம் சுவைட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது அருகில் கிடைத்தது, வெட்டுவதற்கு எளிதாக இருந்தது, எடை குறைவாக இருந்தது என்பவையே அன்றி வேறல்ல. மாட்டு வண்டியில் கல் ஏற்றிய காலத்தில் கல்லின் விலையைவிட வண்டிக்கூலியே கொத்தனாரை அதிகம் வருத்தியது. எனவே “விண்கல்லால் கட்டிய கோயில்” என்று எழுதும்போது, யாரோ அதை அறிந்து தேர்ந்தெடுத்தது போன்ற பொருள் வாசகருக்குப் போகிறது. வைரம் என்று எழுதும்போது இன்னும் மோசம்: அந்தத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராதவை, நகை செய்யவும் உதவாது, சுவரில் மின்னவும் செய்யாது.

மரச்சிற்பம்

இதுவரை யாரும் உள்ளிருக்கும் செல்வத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் நான் தொடர்கிறேன்.

முதன்மைப் பீடத்தில் இன்று தெரியும் சட்டகம் 1683இல் செய்யப்பட்ட பரோக் வேலை. அதற்குள் நிற்கும் மரச்சிற்பங்களோ 1460களைச் சேர்ந்தவை: சிலுவையில் தொங்கும் கிறிஸ்து, இருபுறமும் மரியாளும் யோவானும், ஓரங்களில் மகதலேனா மரியாளும் புனித கேயோர்க்கும். இவற்றை நிக்கோலாஸ் கெர்ஹெர்ட் வான் லைடன் என்ற பெருஞ்சிற்பியின் கைவண்ணமாகவோ அவருடைய நெருங்கிய வட்டத்தின் வேலையாகவோ ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிறிஸ்துவின் விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு உள்வாங்கியிருக்கும் விதத்தையும், நெற்றி நரம்பையும், சற்றே திறந்த வாயையும் பாருங்கள். மரத்தில் அவ்வளவு மெல்லிய தோலைக் கொண்டுவருவது எளிதன்று. அதே பீடத்துக்கு ஃப்ரீட்ரிக் ஹெர்லின் தீட்டிய பலகை ஓவியங்கள் பிரிக்கப்பட்டு இப்போது நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. சிற்பத்தைத் தேவாலயத்திலும் ஓவியத்தை அருங்காட்சியகத்திலும் தனித்தனியே பார்க்க நேர்வது எனக்குத் தீராத மனக்குறை. இரண்டும் ஒரே பீடத்தின் உடலாகச் செய்யப்பட்டவை. ஓவியம் தீட்டிய கதவு போன்ற சிறகுகளை மூடித் திறக்கும்போது காட்சி மாறுவதே அவற்றின் பொருள்.

வைரர் திட்டமிட்டு உல்ரிக் க்ரைட்ஸ் சிற்பங்கள் செதுக்கிய நற்கருணைப் பேழைக் கோபுரத்தையும் தவறவிடக் கூடாது. 1511இல் தொடங்கி 1525இல் முடிந்த அந்தக் கற்கோபுரம் நுண்ணிய முனைகளும் சிறு உருவங்களுமாகக் கவிகையை நோக்கி மெலிந்து ஏறுகிறது. அது முடிவதற்குள்ளாகவே, 1522 முதல் டியோபால்ட் பில்லிகான் என்ற போதகர் அதே ஊரில் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பத் தொடங்கிவிட்டார். லூத்தரன் வழிபாட்டில் நற்கருணை அப்பத்தைப் பேழையில் வைத்துப் பாதுகாக்கும் வழக்கம் இல்லாததால், பெரும்பொருள் செலவழித்துக் கட்டிய அமைப்பு வழிபாட்டில் பயனற்றுப் போனது. ஆனாலும் அதை இடிக்கவில்லை. சுவிட்சர்லாந்திலும் உல்ம் நகரிலும் சிலைகளும் பீடங்களும் கூட்டமாக அகற்றப்பட்ட அதே நூற்றாண்டில், இங்கே கத்தோலிக்கக் காலத்துப் புனிதர்கள் லூத்தரன் கூரையின் கீழ் தங்கள் இடத்திலேயே நின்றார்கள். படிமங்களை வழிபடாமல் வைத்திருப்பதில் தவறில்லை என்ற லூத்தரின் மிதமான நிலைப்பாடு, இடைக்காலக் கலைக்கு இவ்வாறு காவலாக அமைந்தது.

ஜெர்மன் ஓவியர் டூரரின் பட்டறையில் பணியாற்றிப் பின்னர் நோர்ட்லிங்கனின் நகர ஓவியராகக் குடியேறிய ஹான்ஸ் ஷொய்ஃபெலைனின் படைப்பும் அங்குள்ளது.

பழைய கொத்தன்

நான் ஜெர்மனியில் கற்கட்டடப் பராமரிப்பில் பணியாற்றியவன். இங்கே புகழ்ச்சி மிகுந்திருப்பதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

சுவைட் வெளிப்புறச் சுவருக்கு ஏற்ற கல் அன்று. அதைத் தேர்ந்தது அன்றைய மன்றத்துக்குச் சிக்கனமாக இருந்திருக்கலாம். பின்வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு வட்டி கட்டி வருகிறது. கட்டடத்தின் வெளிமுகத்தை அருகில் நின்று பார்த்தால் பழைய கல்லும் புதிதாகச் செருகிய கல்லும் நிறம் வேறுபட்டு ஒட்டுப்போட்டது போல் தெரியும். பழுதான கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டே போனால், நாளடைவில் எந்தச் சுவரை 15ஆம் நூற்றாண்டுச் சுவர் என்று சொல்வது? 1945இல் போரின் இறுதி வாரங்களில் குண்டுவீச்சால் ஏற்பட்ட சேதமும் அதன்பின் நடந்த சீரமைப்பும் சேர்ந்துகொண்டன. நாம் பார்ப்பது எவ்வளவு அசல் என்று கேட்க வேண்டாமா?

புவியடுக்கு

ஐயா சொல்லும் சிக்கல் உண்மையானது. அதன் காரணத்தை மட்டும் விளக்குகிறேன்.

சுவைட் நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரை எளிதில் உள்ளிழுக்கும். அதிலுள்ள கண்ணாடியும் நுண்தூளும் காலப்போக்கில் ஒருபகுதி ஸ்மெக்டைட் வகைக் களிமண்ணாக மாறியிருக்கின்றன. அந்தக் களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். இது ஆண்டுக்குப் பல தடவை நிகழும்போது மேற்பரப்புக்கு இணையாக மெல்லிய ஓடுகள் பெயர்கின்றன. குளிர்காலத்தில் துளைக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிவது அதன்மேல் இன்னொரு சுமை. கரும் கண்ணாடித் துண்டுகள் சுற்றியுள்ள கல்லிலிருந்து வேறுபட்ட வேகத்தில் சிதைவதால் அவை உதிர்ந்து குழிகள் உண்டாகின்றன. சுவரில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் தெரிவது அதனால்தான். நிலக்கரி எரித்த காலத்துக் கந்தகப் புகை சேர்ந்த மழை இவை அனைத்தையும் விரைவுபடுத்தியது.

வரைபலகை

பழைய கொத்தன் ஐயா எழுப்பிய அசல் பற்றிய கேள்விக்கு என் தரப்பைச் சொல்கிறேன். கோதிக் தேவாலயம் தொடக்கம் முதலே பராமரிப்பை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. மழையை நேரடியாக ஏற்கும் சிகர முனை, சன்னல் மேல்விளிம்பு, நீர்த்தாரை போன்ற உறுப்புகள் பின்னிருக்கும் சுவரைக் காப்பதற்காகத் தாமே சிதைபவை. அவற்றை மாற்றுவது கட்டடத்தின் இயல்பான வாழ்க்கை முறை. ஆனால் சமதளச் சுவர்க்கல்லை, அது சுமை தாங்கும் வரையில், அழகுக்காக மாற்றக் கூடாது. அதில் உளித்தடமும் கொத்தர் குறியும் இருக்கின்றன. இன்றைய ஜெர்மானியப் பாதுகாப்பு முறையும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது: முழுக்கல்லையும் எடுக்காமல் சிதைந்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி அளவான துண்டைப் பொருத்துவார்கள். ஐயா குறிப்பிட்ட ஒட்டு அந்த நேர்மையின் அடையாளம் என்றே கொள்கிறேன். புதியது புதியதாகத் தெரிவதால் பழையது எது என்ற ஐயம் எழாது.

மேலும், கவிகையின் வடிவமும் தூண்களின் இடைவெளியும் ஒளியின் பாதையும் வைரர் விட்டுச்சென்றபடியே இருக்கின்றன. கட்டடக் கலை என்ற நோக்கில் பார்த்தால் அசலின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது.

பழைய கொத்தன்

அளவான துண்டு பொருத்துவதில் எனக்கு மறுப்பில்லை. நானும் அதைச் செய்தவன்தான். ஆனால் அது கைக்கு மிகக் கடினமான வேலை என்பதையும், சுவைட்டில் ஒவ்வொரு கல்லும் வெவ்வேறாக நடந்துகொள்ளும் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். உளி இறங்கும்போது ஒரு விரற்கடையில் மாவு போல் உதிரும். அடுத்த விரற்கடையில் கிரானைட் துண்டில் மோதித் தெறிக்கும். நேரான விளிம்பு கிடைப்பதே அரிது. இவ்வளவு முரடான கல்லைக் கொண்டு 15ஆம் நூற்றாண்டில் ஒரு பெருங்கோபுரத்தை எழுப்பினார்கள் என்பதற்காக அவர்களை வணங்குகிறேன். கல்லைத் தேர்ந்தவர்களைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

வணிகவழி

கோபுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஊரார் அதை டேனியல் என்றே அழைக்கிறார்கள். பாபிலோன் அரசன் தானியேலை உயர்த்தி நாடு முழுவதற்கும் தலைவனாக்கினான் என்ற விவிலிய வசனத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உயரம் ஏறத்தாழ 90 மீட்டர், 350 படிகள். கீழே சதுரமாக எழுந்து, மேலே எண்கோணமாக மாறி, 1490 வாக்கில் கல்வேலை முடிந்தது. கோதிக் முறைப்படி அதன்மேல் ஊசிமுனைச் சிகரம் வந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்து, 1530களின் இறுதியில், உருண்ட குவிமாடமும் அதன்மேல் சிறு விளக்குக்கூண்டும் வைத்து மூடினார்கள். மறுமலர்ச்சிக் காலத்தின் சுவை அதற்குள் அவ்வூரை எட்டிவிட்டது. என் மதிப்பீட்டில் அது குறை அன்று. வட்டமான மதிலுக்குள் வட்டமாக அமைந்த ஊரின் நடுவே, முனையாக முடியாமல் தலைப்பாகை கட்டியது போல் உருண்டு முடியும் கோபுரம் நன்றாகவே பொருந்துகிறது.

அந்தக் கோபுரம் வழிபாட்டுக்குப் பயன்பட்ட அளவுக்குக் காவலுக்கும் பயன்பட்டது. 1634இல் பேரரசுப் படை ஊரை முற்றுகையிட்டபோது, உதவிக்கு வந்துகொண்டிருந்த ஸ்வீடன் படைக்குக் கோபுரத்திலிருந்து தீ மூட்டிச் சைகை காட்டினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் நடந்த போரில் ஸ்வீடன் தரப்புத் தளபதிகளான குஸ்டாஃப் ஹார்னும் சாக்ஸ்-வைமாரின் பெர்ன்ஹார்டும் தோற்றார்கள், ஊர் சரணடைந்தது. முப்பதாண்டுப் போரின் போக்கையே மாற்றிய தோல்வி அது. அடுத்த ஆண்டு பிரான்ஸ் நேரடியாகப் போரில் இறங்கியது.

இன்றும் கோபுரத்தில் காவலர் இருக்கிறார். இரவு 10 மணி முதல் 12 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை “ஸோ, க்ஸெல், ஸோ” (அப்படித்தான், தோழா, அப்படித்தான்) என்று குரல் கொடுப்பார். 1440இல் எட்டிங்கன் பிரபுவிடம் கையூட்டு வாங்கிய வாயிற்காவலர்கள் கதவைத் தாழிடாமல் விட, ஒரு பன்றி அதில் உரசிக் கதவு அசைந்ததைக் கண்ட பெண்ணொருத்தி ஊரை எச்சரித்தாள் என்பது அந்தக் கூவலுக்குச் சொல்லப்படும் கதை.

கற்றளி

அனைவருக்கும் நன்றி. பழைய கொத்தன் ஐயாவின் கருத்தில் ஒரு பகுதியை மட்டும் மறுக்க விரும்புகிறேன். கனமான நல்ல கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் வழியை மன்றம் தேர்ந்திருந்தால், வண்டிக்கூலியிலேயே பொருள் கரைந்து, கூடமோ கோபுரமோ ஒன்று பாதியில் நின்றிருக்கும் என்பது என் கருத்து. உல்ம் போன்ற செல்வ நகரமே தன் தேவாலயக் கோபுரத்தை 1543இல் பாதியில் நிறுத்திவிட்டு 1890இல்தான் முடித்தது. நோர்ட்லிங்கன் 78 ஆண்டுகளில் தன் கூடத்துக்குக் கூரை போட்டுவிட்டது.

நேரில் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் உள்ளே சென்று மேற்கு முனையில் நின்று கவிகையைப் பாருங்கள், பிறகு பீடத்தருகே செல்லுங்கள், அதன்பின் நகர அருங்காட்சியகத்தில் ஹெர்லினின் பலகைகளைப் பாருங்கள். சுவரில் விரலை வைத்துக் கல்லைத் தேட விரும்பினால் அதை 1990இல் திறக்கப்பட்ட ரீஸ் பள்ள அருங்காட்சியகத்தில் செய்யலாம்; அங்கே வெட்டி மெருகேற்றிய சுவைட்டும், நாசா அளித்த நிலவுக்கல் ஒன்றும் வைக்கப்பட்டுள்ளன. உதிரும் தேவாலயச் சுவரைச் சுரண்ட வேண்டாம்.